‘தெரியாது’ என்னும் சொல்

மனிதன் வாழ்நாள் முழுவதும் மாணவனே என்று மேடைகளில் பலர் பேசக் கேட்டிருக்கிறோம், கைதட்டியும் இருக்கிறோம். ஆயின், நாற்பது வயதை நெருங்கியவன், பத்துப் பேருக்கு மேலே அமர்ந்து வேலை வாங்குகிறவன், தன்னினும் இளையவர் முன்னிலையில் ‘எனக்கு இது தெரியாது’ என்று சொல்லிப் பாடப் புத்தகத்தைத் திறப்பது மேடைப் பேச்சைப் போல் எளிதன்று. குழந்தைக்குக் கல்வி விளையாட்டு. இளைஞனுக்கு அது கடமை. வளர்ந்தவனுக்கோ அது மானப் பிரச்சினை. பெயர், பதவி, ‘விவரம் தெரிந்தவர்’ என்னும் மதிப்பு ஆகியவற்றை அவன் ஏற்கெனவே சேர்த்து வைத்துவிட்டான். புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்கும்போது அவற்றையெல்லாம் வாசலில் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. பிழைப்பைத் தேடியும் மாற்றல் உத்தரவைப் பெற்றும் தெற்கிலிருந்து வடக்கே வந்த நம் குடும்பங்களில் இந்த அனுபவம் இல்லாத குடும்பம் அரிது. அதனால்தான் என் கதையை இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

1983ஆம் ஆண்டில், என் 37ஆம் வயதில், பதவி உயர்வு பெற்றுச் சென்னையிலிருந்து தில்லிக்கு வந்தேன். மத்திய அரசின் கணக்கு அலுவலகம் ஒன்றில் பிரிவுக் கண்காணிப்பாளர் பொறுப்பு. சென்னையில் பதினைந்து ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவன் நான். எந்த விதி எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிறர் என்னிடம் வந்து கேட்பது வழக்கம். அந்தப் பெருமிதத்தையும் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு, மனைவியுடனும் ஒன்பது வயது மகளுடனும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து புது தில்லியில் இறங்கினேன்.

வேலை அதே வேலைதான், விதிகளும் அவையேதான். மொழி மட்டும் வேறாக இருந்தது. 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் உரியவை. அவ்விதிகளின்படி தில்லியும், உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் போன்ற மாநிலங்களும் ‘அ’ வட்டாரத்தைச் சேர்ந்தவை. அங்கிருந்து வரும் பட்டியல்களும் மனுக்களும் பெரும்பாலும் இந்தியில் இருந்தன. தொகை எண்ணால் மட்டுமன்றி எழுத்தாலும் எழுதப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக் கையொப்பமிட வேண்டியவன் நான். எண்ணைப் படிப்பேன், எழுத்தைப் படிக்கப் பக்கத்து மேசையை நாட வேண்டியிருந்தது.

வந்த முதல் வாரத்தில் ஒரு கூட்டம். உயர் அதிகாரி ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். நடுவே ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தனர். சிரிப்பதா, சிரிக்காமல் இருப்பதா என்பதைக்கூட நான் பிறர் முகத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சிறிது நேரத்தில் அவர் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். தலையை அசைத்து வைத்தால் போதும்; அந்த நாழிகை கழிந்திருக்கும். ஆனால் எதற்குத் தலையசைக்கிறோம் என்று அறியாமல் தலையசைப்பது கணக்குத் துறையில் வளர்ந்தவனுக்கு ஒவ்வாத செயல். “ஐயா, எனக்கு இந்தி தெரியாது. ஆங்கிலத்தில் சொன்னால் விடை கூறுகிறேன்” என்றேன். அறை ஒரு கணம் அமைதியாயிற்று. யாரோ தாழ்ந்த குரலில் ‘மதராசி’ என்றது என் காதில் விழுந்தது. அதிகாரி கேள்வியை ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டார்; விடை கூறினேன். கூட்டம் முடிந்தது. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உறக்கத்தைக் கெடுத்தது அவமானம் மட்டுமன்று. 1965ஆம் ஆண்டு சனவரியில் நான் கல்லூரி மாணவன். அவ்வாண்டு சனவரி 26ஆம் நாள் முதல் இந்தி ஒன்றே ஆட்சிமொழியாகும் என்ற நிலை வந்தபோது தமிழகத்து மாணவர் உலகம் தெருவில் இறங்கியது. அந்த ஊர்வலங்களில் என் கால்களும் நடந்தன. அன்று எழுந்த குரல் வீண்போகவில்லை. இணங்காத மாநிலங்கள் விரும்பும் வரையில் ஆங்கிலமும் தொடரும் என்னும் உறுதி 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் இடம்பெற்றது. அன்று முழங்கிய நான் இன்று அதே மொழியின் அகர வரிசையை எழுதிப் பழகுவதா? என் கல்லூரித் தோழர் ஒருவர் திருச்சியிலிருந்து, ‘நீயுமா?’ என்று இரண்டே சொற்களில் ஓர் அஞ்சலட்டை எழுதினார்.

அவருக்கு நான் நீண்ட மறுமொழி எழுதினேன். அன்று நாம் எதிர்த்தது ஒருவர் மீது ஒன்றை ஏற்றி வைக்கும் அதிகாரத்தை, மொழியை அன்று. நான் நாள்தோறும் பால் வாங்குவதும், என் பிரிவில் இருப்பவரின் தாயார் நலமா என்று கேட்பதும், என் கையொப்பத்துக்குக் காத்திருக்கும் ஒரு விதவையின் மனுவைப் படிப்பதும் இம்மொழியில்தான். திணிக்கப்படும்போது நிமிர்ந்து நிற்பதற்கும், தேவைப்படும்போது குனிந்து கற்பதற்கும் இடையே எனக்கு முரண் தோன்றவில்லை என்று எழுதினேன். தோழர் அதற்கு உடன்பட்டாரா என்பதை நான் அறியேன். அடுத்த கடிதத்தில் என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்திருந்தார், நட்பு நிலைத்தது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்தி கற்பிக்கும் திட்டத்தில் பிரபோத், பிரவீண், பிராக்ஞ என மூன்று படிகள். முதற்படி தொடக்கப் பள்ளித் தரம். இரண்டாவது நடுநிலைப் பள்ளித் தரம். மூன்றாவது உயர்நிலைப் பள்ளித் தரம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவன் முதற்படியிலிருந்து ஏற வேண்டும். என் மகள் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். தந்தை அவளுக்கும் கீழே சேர்ந்தேன். வகுப்பில் ஆந்திரத்து எழுத்தர் இருவர், நாகாலாந்து இளைஞர் ஒருவர், என் பிரிவிலேயே தட்டச்சு செய்யும் கேரளத்துப் பெண் ஒருவர் எனப் பலரும் இருந்தனர். காலை பதினொரு மணிக்கு என் முன் நின்று கையொப்பம் வாங்கிச் சென்ற அந்தப் பெண், பன்னிரண்டு மணிக்கு என் பக்கத்தில் அமர்ந்து, கேள்விக்கு என்னை முந்திக்கொண்டு விடை சொல்லுவார். ஆசிரியையோ எங்கள் பலரைக் காட்டிலும் இளையவர்.

மொழியின் வாயிற்படியிலேயே தமிழ் நாவுக்குச் சோதனை காத்திருந்தது. நமக்கு ஒரே ககரம். அவர்களுக்கு நான்கு. உணவுக்கு ஒரு சொல், பாட்டுக்கு ஒரு சொல், ஒற்றைக் கண்ணனுக்கு ஒரு சொல். மூன்றையும் தமிழெழுத்தில் எழுதினால் ‘கானா’ என்றே எழுத முடியும். ஆசிரியை ஒரு சிறு காகிதத் துண்டை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு முதல் ககரத்தை ஒலித்தார், காகிதம் அசையவில்லை. இரண்டாவதை ஒலித்தார், காகிதம் படபடத்தது. பிறகு எங்களை ஒவ்வொருவராகச் செய்யச் சொன்னார். கோப்புகளில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு ஒப்புதல் அளிக்கும் கை, ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு அது ஆடுமா ஆடாதா என்று காத்திருந்த அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அன்று வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். கூட்டத்தில் எனக்கு எட்டாமல் போன சிரிப்பு, வகுப்பில் எனக்கும் உரியதாயிற்று.

அடுத்தது பால் வேறுபாடு. தமிழில் உயர்திணைக்கே ஆண்பால், பெண்பால். மேசையும் நாற்காலியும் அஃறிணையோடு நின்றுவிடும். இந்தியிலோ உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. வீடு ஆண், நாற்காலி பெண். கடிதத்தைப் ‘பத்ர’ என்றால் ஆண். அதே கடிதத்தைச் ‘சிட்டி’ என்றால் பெண். இதற்கும் மேலே ஒரு விந்தை. ‘நான் படித்தேன்’ என்னும்போது தமிழில் வினை ‘நான்’ என்பதைப் பற்றிக்கொள்ளும். இந்தியில் இறந்தகாலத்தில் இத்தகைய வினை, படித்தவனை விட்டுவிட்டுப் படிக்கப்பட்ட பொருளின் பாலைப் பற்றிக்கொள்ளும். செய்தவனை மறந்து செயப்படுபொருளை நினைக்கும் இலக்கணம்! ‘நான், நான்’ என்று நிமிர்ந்திருந்தவனுக்கு அது இலக்கணம் மட்டுமாகத் தோன்றவில்லை. மாலை வேளைகளில் என் மகள் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிப் பால் கேட்பாள். புத்தகமே இல்லாமல் காய்கறி வண்டிக்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் கற்றுக்கொண்டிருந்த என் துணைவியார், சமையலறையிலிருந்தபடியே தீர்ப்பு வழங்குவார்.

கணக்கனாகிய எனக்கு மிகுந்த தொல்லை தந்தவை எண்களே. தமிழில் இருபது வரை கற்றவன் பெரும்பாலும் நூறு வரை தானே கட்டிக்கொள்ளலாம். இந்தியில் ஒன்று முதல் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தனி உருவம். ‘பச்சீஸ்’ இருபத்தைந்து, ‘பசாஸ்’ ஐம்பது, ‘பச்பன்’ ஐம்பத்தைந்து, ‘பசாசி’ எண்பத்தைந்து. ஒன்பதில் முடியும் எண்கள் இன்னும் வேடிக்கையானவை. நாற்பத்தொன்பது ‘உன்சாஸ்’, அதாவது ஐம்பதுக்கு ஒன்று குறைவு. ஐம்பத்தொன்பது ‘உன்சட்’, அறுபதுக்கு ஒன்று குறைவு.

இந்த எண்களை எனக்குக் கற்றுத்தந்தவர் வகுப்பாசிரியை அல்லர். எங்கள் பிரிவில் கோப்புகளைத் தைத்துக் கட்டும் தப்தரி. கட்வால் மலைப் பகுதியைச் சேர்ந்தவர், என்னைவிட மூத்தவர், ஆங்கில எழுத்தறியாதவர். கட்டிய கோப்புகளை அவர் எண்ணி வைக்கும்போது நானும் உடன் எண்ணத் தொடங்கினேன். நாள்தோறும் மாலையில் ஐம்பது கோப்புகள். அதுவே என் பாடசாலை. ஒரு நாள், “சாகேப், உங்கள் மொழியில் எப்படி எண்ணுவீர்கள்?” என்று கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தவன் ‘தொண்ணூறு’ என்ற இடத்தில் நின்றேன். எண்பது எட்டிலிருந்து வந்தது; தொண்ணூறோ நூற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது; தொள்ளாயிரம் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வருகின்ற பெரிய எண்ணைப் பார்த்துப் பெயர் சூட்டும் வழக்கம் நம்மிடமும் உண்டு! பிறந்தது முதல் சொல்லிவந்த சொல்லை அன்றுதான் கேட்டேன். அவருக்கு விளக்கியபோது, “அப்படியென்றால் உங்கள் பாட்டனும் எங்கள் பாட்டனும் ஒரே மாதிரிதான் எண்ணியிருக்கிறார்கள்” என்று சிரித்தார்.

சில நாள் கழித்து அவர் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். மகளின் திருமணத்துக்குச் சேமநிதி முன்பணம் கேட்கும் படிவம். எவரிடம் காட்டினாலும் தம் எழுத்தறியாமையைக் கேலி செய்வார்களோ என்று அஞ்சிப் பல மாதங்களாகப் பையிலேயே வைத்திருந்தாராம். “நீங்களே என்னிடம் எண்ணக் கற்றுக்கொள்ளும்போது எனக்கு என்ன வெட்கம்?” என்றார். அன்றே படிவத்தை நிரப்பி அனுப்பினோம்.

அதற்குப் பின் நிகழ்ந்ததே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. எங்கள் பிரிவில் இளம் உதவியாளர் ஒருவர் இருந்தார். இந்தி வழியில் பட்டம் பெற்றவர், கூர்மையானவர். எனினும் அவர் மேசையில் கோப்புகள் வாரக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். ‘சோம்பேறி’ என்று அவருக்குப் பிரிவில் பெயர். அவருடைய ஆண்டுக் குறிப்பு எழுதும் காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாலை எல்லாரும் சென்றபின் அவர் என் மேசைக்கு வந்தார். நான் பிரபோத் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரைவை என் முன் வைத்தார். “எனக்கு ஆங்கிலத்தில் சொந்தமாக எழுத வராது. பழைய கோப்புகளில் இதைப் போன்ற கடிதம் கிடைக்கும் வரையில் தேடிக்கொண்டிருப்பேன். கிடைக்காவிட்டால் கோப்பு கிடக்கும்” என்றார். மூன்று ஆண்டுகள் ஒரு மனிதர் சோம்பேறி என்ற பெயரைச் சுமந்திருக்கிறார். ‘எனக்கு எழுதத் தெரியாது’ என்ற பெயரைச் சுமப்பதைவிட அது அவருக்கு இலேசாக இருந்திருக்கிறது.

அன்று முதல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர் வரைவை நான் திருத்துவேன். என் பயிற்சி ஏட்டை அவர் திருத்துவார். சிவப்பு மை இருபுறமும் தாராளமாகச் செலவாயிற்று. ஆறு திங்களில் அவர் மேசை வெறுமையாயிற்று. பிரிவின் தேக்கமும் குறைந்தது. அதற்கு மேலதிகாரிகள் என்னைப் பாராட்டினர். நான் புதிய கட்டளை எதையும் பிறப்பிக்கவில்லை. யாரையும் கடிந்துகொள்ளவும் இல்லை. தலைவன் தன் குறையை மேசைமேல் வைத்ததால் மற்றவர்களும் தங்கள் குறைகளை இழுப்பறையிலிருந்து வெளியே எடுத்தனர்; அவ்வளவே. எல்லாம் அறிந்தவராகக் காட்சி தரும் அதிகாரியிடம் எவரும் உண்மையைக் கொண்டு வருவதில்லை. முடிந்த வேலையை மட்டுமே கொண்டு வருவர். முடியாத வேலை எங்கேயோ ஒளிந்து கிடக்கும். ‘தெரியாது’ என்னும் சொல் அதிகாரத்தைக் குறைக்கும் என்று அஞ்சுகிறோம். என் அனுபவத்தில், ஒளிந்து கிடந்ததை வெளியே வரவழைத்த சொல் அதுவே.

இது நம் மரபுக்குப் புதியதுமன்று. தில்லித் தமிழர் அனைவரும் படியேறும் மலை மந்திரை நினைத்துப் பாருங்கள். இராமகிருட்டிணபுரத்துக் குன்றின்மேல் 1973ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட அக்கோயில் உத்தர சுவாமிமலை. அங்கு எழுந்தருளியிருப்பவர் சுவாமிநாதர். தந்தைக்கே ஆசானான மகன். நாம் மைந்தனின் பெருமையைப் போற்றுகிறோம். பிரணவத்தின் பொருளைக் கேட்கத் தன் பிள்ளைமுன் பணிந்து செவி சாய்த்த தந்தையின் பெருமையை அவ்வளவாக நினைப்பதில்லை. பெற்ற மகளிடம் ஆண்பால் பெண்பால் கற்றுக்கொண்டிருந்த அந்நாள்களில், படியேறும்போதெல்லாம் என் மனம் அத்தந்தையின் பக்கமே சென்றது.

வரலாற்றிலும் சான்று உண்டு. 1880ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல நூல்களைப் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டபோது, இல்லை என்பதே அவர் தந்த விடை. அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. சமண நூற்கருத்துகள் விளங்காதபோது கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தபின் மீண்டும் மாணவனாய்ப் பிறர் வாசலில் நின்றார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறி வெளிவந்தது. அன்று அவர் ‘ஓரளவு தெரியும்’ என்று சொல்லி நழுவியிருந்தால் தமிழ் எவ்வளவு இழந்திருக்கும்!

மூன்று படிகளையும் ஏறி முடித்தேன். அதற்கென ஓராண்டுக் காலம் ஓர் ஊதிய உயர்வுக்கு ஈடான தனி ஊதியமும் கிடைத்தது. அதில் மகளுக்கு ஒரு மிதிவண்டி வாங்கினோம். ஆனால் உண்மையான ஊதியம் பின்னால் வந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி எங்கள் அலுவலகத்தில் கணிப்பொறிகள் மேசைதோறும் ஏறியபோது எனக்கு வயது 54. என் வயதொத்த நண்பர் சிலர், ஓய்வு பெறும் வரையில் அதைத் தொடாமலே காலத்தைக் கடத்திவிட முடிவு செய்தனர். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 22 வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் அமர்ந்து, “தம்பி, இதை எப்படித் திறப்பது?” என்று இந்தியில் கேட்டேன். சுட்டெலி என் கையில் நடுங்கியது, மனம் நடுங்கவில்லை. கற்கும் பாடம் மாறலாம். கற்பதற்கு அமரும் பயிற்சியை ஒருமுறை பெற்றுவிட்டால் போதும். 2006இல் ஓய்வு பெற்றேன். இன்று கைப்பேசியில் பணம் செலுத்தும் முறையைப் பேரன் கற்பிக்கிறான். அவனும் சற்றுக் கண்டிப்பான ஆசிரியன்தான்.

இதையெல்லாம் நான் சொல்ல வந்தது என் பெருமைக்காக அன்று. நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது ஒரு புதிய மாணவர் கூட்டம் இருக்கிறது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நல்ல பதவிகளில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளே அவர்கள். முப்பது, நாற்பது வயதாகிறது. தமிழ் பேசுவார்கள், பலருக்குப் படிக்க வராது. ஊரிலிருந்து பாட்டி எழுதிய பழைய கடிதங்கள் பெட்டியில் இருக்கும். படித்துக்காட்ட ஆள் இராது. திருமண அழைப்பிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெல்ல மேசைமேல் வைத்துவிடுவார்கள். கற்க ஆசை இல்லாமல் இல்லை. அலுவலகத்தில் நூறு பேரை ஆளுகிறவர், 247 எழுத்துகளைத் தன் பிள்ளையோடு ஒரே பலகையில் அமர்ந்து எழுதிப் பழக நாணுகிறார். அந்த நாணத்தை நான் அறிவேன். பதவி உயர்வு உத்தரவோடு தில்லியில் வந்திறங்கிய நாள் முதல் அறிவேன்.

அவர்களுக்கு ஒரு சொல்: தயங்காமல் வாருங்கள். பாட்டி எழுதிய கடிதத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். அதுவே உங்கள் முதற் பாடநூலாகட்டும். பெரியவர்களாகிய நமக்கும் ஒரு சொல் உண்டு. அவர்கள் வாயில் ழகரம் ளகரமாகும். ‘அவன் வந்தாள்’ என்றுகூடச் சொல்லக்கூடும். அப்போது நாம் நகைக்க வேண்டா. எனக்கு எண்ணக் கற்றுத்தந்த அந்தக் கட்வால்காரர் ஒருநாளும் என்னை நகைத்ததில்லை. எழுபதோ எண்பதோ நாவில் வராமல் நான் நின்றபோதெல்லாம், கையிலிருந்த கோப்பைக் கீழே வைக்காமல், நான் சொல்லி முடிக்கும் வரையில் காத்திருந்தார். கற்பவன் காட்ட வேண்டிய துணிவு ஒரு பாதி. கற்பிப்பவன் காட்ட வேண்டிய பொறுமை மறுபாதி. முதற்பாதியை நம் பிள்ளைகள் கொண்டு வருவார்கள்; மறுபாதியை நாம் ஆயத்தமாக வைத்திருப்போம்.